புக்ஸ் வரும், குக்ஸ் வராது

யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று தரம் 3 இல் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறது. தரம் 11 முடித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை ஒன்பது ஆண்டுகள் அந்தப் பாடம் கூடவே வருகிறது. பின்னேரங்களில் ரியூட்டரி வேறு. பெறுபேறும் வருகிறது, ஆங்கிலத்துக்கு ‘ஏ’. பிறகு ஒருநாள் நேர்முகத் தேர்வில், “அம்மா என்ன செய்கிறா?” என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சமைப்பவர். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிறது: “மை மதர் குக் அற் எ ஸ்கூல்.”

‘குக்ஸ்’ என்று வந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அதே வசனத்தை இடைவெளி விட்டு வினாத்தாளில் கொடுத்தால் சரியாக நிரப்பும். ஏன் என்று கேட்டால் “எழுவாய் படர்க்கை ஒருமை” என்று காரணமும் சொல்லும். ஆனால் வாயைத் திறந்து பேசும்போது அந்தச் சின்ன ‘ஸ்’ காணாமல் போய்விடுகிறது.

எங்கள் ஊரில் இதற்கு ஆயத்தமான விளக்கங்கள் பல உண்டு. கூச்சம் என்பார்கள். ஆசிரியர் சரியில்லை என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் தலைக்குள் தமிழ் நின்று மறிக்கிறது என்பார்கள். “இங்கிலீஷ் வகுப்பிலை தமிழ் கதையாதேங்கோ” என்று ஆசிரியர்களே சொல்வது இந்த நம்பிக்கையால்தான். அந்தக் கடைசி விளக்கத்திலிருந்தே தொடங்குவோம்.

தமிழ் மறிக்கிறதா?

‘குக்ஸ்’ என்பதில் உள்ள ‘ஸ்’ என்ன வேலை செய்கிறது? செயலைச் செய்பவர் பேசுபவரும் இல்லை, கேட்பவரும் இல்லை, மூன்றாமவர், அவரும் ஒருவர்தான் என்று காட்டுகிறது. நிகழ்கால ஆங்கில வினையில் ஆளைக் காட்டும் விகுதி பொதுவாக இது ஒன்றுதான்.

இனித் தமிழைப் பாருங்கள். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது, வருகிறோம் என்று ஆளுக்கு ஆள் வினையின் வால் மாறுகிறது. யாழ்ப்பாணப் பேச்சில் இது இன்னும் நுட்பம். ‘வருவன்’ என்றால் நான், ‘வருவான்’ என்றால் அவன். ஒரு குறில் நெடிலாவதில் ஆளே மாறிவிடுகிறார். ‘வருவா’ என்றால் மரியாதைக்குரிய ஒரு பெண், ‘வருவினம்’ என்றால் பலர். இவை அத்தனையும் பள்ளிக்கூடம் போகும் முன்பே பிள்ளைக்குச் சரளம்.

ஆகவே வினைக்கு வால் கட்டுவது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதே இல்லை. பத்து வால்களைத் தவறாமல் கட்டும் பிள்ளை ஆங்கிலத்தின் ஒற்றை வாலில் தடுமாறுகிறது. தமிழ்தான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

ஆங்கிலக் குழந்தைகளுக்கும் அதே பாடு

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ரோஜர் பிரவுன் 1973 இல் வெளியிட்ட நூல் ஒன்றில் மூன்று குழந்தைகளின் பேச்சை விரிவாக ஆராய்ந்தார். ஆதாம், ஈவ், சாரா என்பவை அவர் நூலில் அவர்களுக்கு வழங்கிய பெயர்கள். மூவருக்கும் தாய்மொழி ஆங்கிலம். அவர்கள் வீட்டில் பேசியதைத் தொடர்ந்து பதிவுசெய்து, ஆங்கிலத்தின் 14 சிறு இலக்கண உறுப்புகளை எந்த வரிசையில் வசப்படுத்தினார்கள் என்று கணித்தார்.

புத்தகங்கள் என்னும் பொருள் தரும் ‘புக்ஸ்’ என்பதன் பன்மை ‘ஸ்’ அந்த வரிசையில் 4 ஆம் இடத்தில் வந்தது. ‘குக்ஸ்’ என்பதன் ‘ஸ்’ 10 ஆம் இடத்தில்தான் வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘புக்ஸ்’, ‘குக்ஸ்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். கடைசியில் வருவது ஒரே ஒலி. நாக்குக்கும் அதே வேலை, காதுக்கும் அதே வேலை. அப்படியிருந்தும் ஆங்கிலத் தாயின் மடியில் வளரும் குழந்தைக்கே ஒன்று முந்தி வருகிறது, மற்றது பிந்தி வருகிறது. ஆகவே உச்சரிப்புக் கஷ்டம் என்ற விளக்கமும் விழுந்துவிடுகிறது.

அடுத்த ஆண்டே ஹெய்டி டுலே, மரினா பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வீட்டில் ஸ்பானிய மொழியும் சீன மொழியும் பேசும், அமெரிக்காவில் ஆங்கிலம் கற்ற பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஸ்பானிய மொழியில் வினைக்கு ஆளைக் காட்டும் வால்கள் நிறைய, சீனத்தில் ஒன்றுகூட இல்லை. இருந்தும் இரு கூட்டத்தாரும் ஏறத்தாழ ஒரே வரிசையிலேயே கற்றார்கள், வினையின் ‘ஸ்’ இருவருக்கும் பிந்தியே வந்தது. அதே 1974 இல் வளர்ந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்விலும் ஏறக்குறைய இதுவே தெரிந்தது.

தாய்மொழிக்குப் பங்கே இல்லை என்று இதைக்கொண்டு முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த நாளில் சிலர் அப்படித்தான் முடிவுகட்டினார்கள். பின்வந்த ஆய்வுகள் அதைத் திருத்தின. பெயருக்கு முன் வரும் ‘எ’, ‘த’ போன்ற சிறு சொற்கள் தாய்மொழியில் இல்லாதவர்களுக்கு அவை நெடுங்காலம் தொல்லை தருகின்றன, நமக்கும் அப்படித்தான். தமிழில் ‘இரண்டு புத்தகம்’ என்றாலே போதும் என்பதால் ‘ரூ புக்’ என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் வினையின் ‘ஸ்’ விஷயத்தில் தமிழைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வழியில்லை.

வேலையில்லாத ஒலி

‘குக்ஸ்’ ஏன் பிந்துகிறது? ‘புக்ஸ்’ என்பதிலிருந்து ‘ஸ்’ஸை எடுத்தால் பொருள் குறைகிறது, ஒன்றா பலவா என்று தெரியாமல் போகிறது. ‘மை மதர் குக்ஸ்’ என்பதிலிருந்து எடுத்தால் என்ன குறைகிறது? ஒன்றுமில்லை. சமைப்பவர் அம்மா என்று முதலிலேயே சொல்லியாயிற்று. அம்மா ஒருவர்தான். ஏற்கெனவே தெரிந்ததையே அந்த ‘ஸ்’ திரும்பவும் சொல்கிறது. இப்படிப்பட்டதை ‘மிகைக்குறி’ என்று அழைப்போம்: தகவல் எதையும் கூட்டாமல் வசனத்தில் நிற்கும் இலக்கண அடையாளம்.

தமிழில் அந்த வால் மிகையாக நிற்பதில்லை. “நாளைக்கு வருவா” என்றாலே போதும், யார் என்ற சொல் வேண்டாம், வால் சொல்லிவிடும். வேலை செய்யும் வாலைத்தான் குழந்தையின் மூளை விரைவில் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்திலோ எழுவாயை விட்டுவிட முடியாது, எழுவாய் முன்னே நிற்பதால் வாலுக்கு வேலை போய்விடுகிறது. பேசுபவரின் வாயில் அது மெல்லியதாகவே ஒலிக்கிறது. பொருளைத் தேடி ஓடும் காது அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

ஆகவே “மை மதர் குக்” என்று சொல்லும் பிள்ளை, மனித மூளை மொழி கற்கும் பாதையில் எல்லாரும் கடக்கும் ஓர் இடத்தில் நிற்கிறது. 1967 இல் பிற் கோர்டர் என்ற ஆங்கிலேய மொழியியலாளர், கற்பவரின் பிழைகள் அவர் மனத்தில் கட்டிக்கொண்டிருக்கும் மொழியின் வரைபடம் என்று எடுத்துக்காட்டினார். 1972 இல் லரி செலிங்கர் அந்த அரைகுறைக் கட்டடத்துக்குப் பெயர் வைத்தார். தமிழில் அதை ‘இடைமொழி’ எனலாம். எங்கள் வகுப்புகளில் ஒரு பிழைக்காகப் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது எனக்கு இந்த இரண்டு ஆண்டுகளும் நினைவுக்கு வரும். அரை நூற்றாண்டுக்கு முன்பே தெளிவான ஒரு விஷயம் இன்னும் வகுப்பறைக்குள் வந்து சேரவில்லை.

நாளுக்கு 30 விநாடி

ஆனால் இதே பிள்ளை எழுத்தில் சரியாக எழுதுகிறதே? மொழி அறிவு இரண்டு வகை. விதியைச் சொல்லவும் யோசித்துப் பயன்படுத்தவும் கூடியது ஒன்று. இதை ‘விதியறிவு’ எனலாம். யோசிக்காமலே ஓடுவது மற்றது, ‘பழக்க அறிவு’. சொற்கட்டைப் பிழையின்றி வாயால் ஒப்புவிக்கிற மாணவருக்கு மிருதங்கத்தில் விரல் ஓடவேண்டும் என்றில்லை. பேசும்போது கவனம் முழுவதும் சொல்ல வேண்டிய விஷயத்தில் இருக்கிறது, விதியைப் புரட்டிப் பார்க்க மூளைக்கு நேரம் இல்லை.

பழக்க அறிவு வருவதற்கு மொழி காதில் விழ வேண்டும், வாயிலும் புழங்க வேண்டும். காதில் விழுவது மட்டும் போதாது என்பதற்குக் கனடாவில் சான்று உண்டு. அங்கே ஆங்கிலப் பிள்ளைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சு மொழியில் கற்பிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்காக அதில் படித்த பிள்ளைகள் பிரெஞ்சை நன்றாக விளங்கிக்கொண்டார்கள். பேச்சிலோ இலக்கணம் தடுமாறியது. அவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வேன் 1985 இல் காரணம் சொன்னார்: கேட்பவருக்குப் பொருளை ஊகித்துக்கொண்டாலே போதும், பேசுபவர்தான் வசனத்தைக் கட்ட வேண்டும், அப்போதுதான் எது தன்னிடம் இல்லை என்பது அவருக்கே தெரியவரும்.

எங்கள் பிள்ளைகள் எவ்வளவு பேசுகிறார்கள்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு ஒரு பாடவேளை, 40 நிமிடம், வகுப்பில் 40 பேர் என்று வைப்போம். ஆசிரியர் தாராள மனதோடு பாதி நேரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்து, ஒருவர் பின் ஒருவராகப் பேசவைக்கிறார். 20 நிமிடத்தை 40 ஆல் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு 30 விநாடி. ஆண்டுக்கு 190 பள்ளி நாள் என்றால் 95 நிமிடம். ஒன்பது ஆண்டுக்கும் சேர்த்தால் 14 மணித்தியாலமும் கால்மணியும். தாய்மொழியில் ஒரு குழந்தை சில வாரங்களில் இதைவிடக் கூடக் கதைத்துவிடும். இதுகூட ஒருநாளும் தவறாமல் நடந்தால்தான். மேலும் சாதாரண தரத்துக்கு ஆங்கிலம் எழுத்துப் பரீட்சையாகவே இருந்துவந்திருக்கிறது. பரீட்சை கேளாததற்கு வகுப்பில் நேரம் ஒதுக்க எந்த ஆசிரியருக்கும் துணிவு வேண்டும்.

இரண்டு இரண்டு பேராக உட்கார்த்திப் பத்தே நிமிடம் பேசவிட்டால், ஆளுக்கு 5 நிமிடம் கிடைக்கும். பத்து மடங்கு.

தாத்தாமாரின் ஆங்கிலம்

“எங்கட தாத்தா எட்டாம் வகுப்புத்தான், ஆனால் என்ன இங்கிலீஷ்!” என்று சொல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. தாத்தா படித்த பள்ளியில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கவில்லை, கணக்கும் சரித்திரமும் ஆங்கிலத்தில்தான் நடந்தன. ஒரு பாடவேளைக்குப் பதில் நாள் முழுவதும் அது புழங்கியது. அந்தப் பள்ளிகளுக்குக் கட்டணமும் உண்டு. கட்ட முடிந்தவர்கள் கொஞ்சப் பேர். அவர்களை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே ஊரில் தமிழ்ப் பள்ளிக்குப் போனவர்களும் எந்தப் பள்ளிக்கும் போகாதவர்களும் அந்தக் கதையில் வருவதில்லை. 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்விக்குப் பிறகே எல்லார் பிள்ளைகளும் வகுப்பறைக்குள் வந்தார்கள். இன்றைய பிள்ளைகளை அன்றைய சிலரோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வியின் தலையூற்றுகளில் ஒன்று, அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி. அங்கே தமிழ் ஒதுக்கப்படவில்லை, ஆங்கிலத்தோடு சேர்த்தே கற்பிக்கப்பட்டது. அங்கிருந்து வந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரானவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் அச்சேற்றியவரும் அவரே.

பாடநூலின் ஓரங்கள்

இனி யாழ்ப்பாணத்திலேயே நடந்த ஆய்வுக்கு வருவோம். சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணத்தவர். அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பி, 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். போர்க்காலம். குடாநாட்டில் மின்சாரம் இல்லை, கடதாசிக்கும் தட்டுப்பாடு. கலைப்பீடத்து முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கட்டாயம். கையில் கிடைத்த பாடநூல் அமெரிக்காவில் ஆக்கப்பட்டது, அந்நாட்டு நகர வாழ்க்கையின் காட்சிகளும் உரையாடல்களும் நிறைந்தது.

தொடக்கத்தில் கேட்டபோது மாணவர்கள் எல்லாரும் ஆங்கிலம் அவசியம் என்றார்கள். போகப் போக வரவு குறைந்தது. உரையாடல் பயிற்சிகளில் ஈடுபாடு இல்லை. இலக்கணக் குறிப்புத் தாருங்கள், பரீட்சைக்கு அதுதான் வேண்டும் என்றார்கள். வேறொரு ஆசிரியராக இருந்தால் சோம்பல் என்று முடித்திருப்பார். கனகராஜா மாணவர்களின் பாடநூல்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

பக்கங்களின் ஓரமெல்லாம் எழுத்தும் படமும். வகுப்பில் வாய் திறவாதவர்கள் அங்கே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருவருக்கொருவர் எழுதிக் கதைத்திருந்தார்கள். பாடநூலின் அமெரிக்கப் பாத்திரங்கள் தமிழர்களாக மாறியிருந்தார்கள். சினிமாப் பாட்டு, காதல், பகிடி, போராட்டம் எல்லாம் இருந்தன. அவர்களின் வாழ்க்கை பாடத்துக்குள் நுழைய வழியில்லாமல், ஓரத்து வெள்ளையில் வந்து குந்தியிருந்தது.

இலக்கணத்தை அவர்கள் விரும்பியதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது. விதிகளுக்கு ஊர் இல்லை. அவற்றைப் படித்துப் பரீட்சையில் தேறலாம், இன்னொருவரின் வாழ்க்கையை நடிக்க வேண்டியதில்லை. மாணவர்களின் இந்தப் போக்கு வெறும் எதிர்ப்பு என்றோ வெறும் பணிவு என்றோ பிரிக்க முடியாத இரண்டுங்கெட்டான் நிலை என்று கனகராஜா 1993 இல் எழுதினார். பின்னர் 1999 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவரது நூல் இதை உலகெங்கும் உள்ள ஆங்கில ஆசிரியர்களிடம் கொண்டுபோனது. யாழ்ப்பாணத்து ஒரு வகுப்பறை உலகத்துக்குக் கற்பித்த பாடம் இது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

‘குக்ஸ்’ கதைக்கு இது எப்படிப் பொருந்துகிறது? பழக்க அறிவுக்குப் பேச்சு வேண்டும், பேச்சுக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். சொல்ல இருந்ததெல்லாம் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

வகுப்புக்குள் தமிழ்

ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே என்ற விதி எங்கிருந்து வந்தது? 1961 இல் உகண்டாவின் மக்கரேரேயில் பொதுநலவாய நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு ஒன்று நடந்தது. ஆங்கிலம் மட்டுமே என்பது அக்காலத்தில் வேரூன்றிய நம்பிக்கைகளில் ஒன்று. அதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை என்று 1992 இல் மொழியியலாளர் ரொபேட் பிலிப்சன் விரிவாக வாதிட்டார்.

கனகராஜா 1995 இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு யாழ்ப்பாணப் பள்ளிகளின் ஆங்கில வகுப்புகளில் தமிழ் எங்கே, எதற்காக வருகிறது என்று பார்த்தது. ஒரு மொழியில் பேசிக்கொண்டே மற்றதுக்குத் தாவுவதை ‘மொழித்தாவல்’ எனலாம். அது கண்டபடி நடக்கவில்லை. பயிற்சியை எப்படிச் செய்வது என்று விளங்கப்படுத்த, பயந்த பிள்ளையைத் தட்டிக்கொடுக்க, சொல்லின் பொருளை உறுதிப்படுத்த, பாடத்தை வீட்டு வாழ்க்கையோடு இணைக்க ஆசிரியர்கள் தமிழுக்குப் போய்த் திரும்பினார்கள். பிள்ளைகளும் பக்கத்திலிருப்பவரிடம் தமிழில் கேட்டுத்தான் ஆங்கிலப் பயிற்சியை முடித்தார்கள். விதியை மீறுகிறோம் என்ற குற்ற உணர்வோடு எங்கள் ஆசிரியர்கள் செய்துவந்தது நல்ல கற்பித்தலாகவே இருந்திருக்கிறது. முழுப் பாடத்தையும் தமிழில் நடத்தி, ஆங்கிலத்தைக் கரும்பலகையில் மட்டும் விடுவதற்கு இது அனுமதிச்சீட்டு ஆகாது. அப்படிச் செய்தால் அந்த 30 விநாடியும் போய்விடும்.

எழுவாயை மறைத்துப் பாருங்கள்

மிகைக்குறி காதில் படாததற்குக் காரணம் அதற்கு வேலை இல்லாதது. அப்படியானால் அதற்கு வேலை கொடுக்கலாம். பில் வான்பாட்டன், தெரேசா கதியெர்னோ இருவரும் 1993 இல் ஸ்பானிய மொழி கற்ற அமெரிக்க மாணவர்களிடம் இந்த வழியைச் சோதித்தார்கள். இலக்கண உறுப்பைக் கவனித்தால்தான் பொருள் விளங்கும் என்ற நிலையை உண்டாக்கிப் பயிற்சி கொடுத்தபோது, மாணவர்கள் அதைக் கேட்டு விளங்குவதிலும் தாமே பயன்படுத்துவதிலும் முன்னேறினார்கள்.

தரம் 7 வகுப்பொன்றை எண்ணிக்கொள்வோம். ரீச்சர் இரண்டு படங்களைக் காட்டுகிறா. ஒன்றில் அம்மம்மா தனியே அடுப்படியில் சமைக்கிறா. மற்றதில் செல்வச் சந்நிதிக் கோயில் அன்னதான மடத்தில் பலர் கூடிச் சமைக்கிறார்கள். “நான் வசனத்தின்ரை தலையை மறைச்சுப்போட்டு மிச்சத்தை மட்டும் சொல்லுவன். எந்தப் படம் எண்டு காட்டுங்கோ” என்று தமிழில் விளங்கப்படுத்துகிறா. பிறகு ஆங்கிலத்தில், எழுவாய் வரும் இடத்தில் மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “குக்ஸ் றைஸ்” என்கிறா. அம்மம்மா. அடுத்து ஒரு தட்டு, “குக் றைஸ்.” மடம்.

எழுவாய் போனதும் ‘ஸ்’ஸுக்கு வேலை வந்துவிட்டது. ஒருவரா பலரா என்பதை இப்போது அது மட்டுமே சொல்கிறது. தமிழ் வால் எப்போதும் செய்யும் வேலை இதுதான். “வருவா, வருவினம் எண்டு நாங்கள் பிரிக்கிற மாதிரித்தான்” என்று ரீச்சர் ஒரு வசனம் சொன்னால், பிள்ளையின் சொந்த மொழியே விளக்கமாகிவிடும்.

காது பழகியபின் வாய். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகத் திரும்பி, வீட்டில் காலையில் யார் என்ன செய்வார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்கிறார்கள். அப்பா தோட்டத்துக்குத் தண்ணி இறைப்பது, அக்கா புட்டு அவிப்பது, தம்பி எழும்பாமல் படுத்திருப்பது. பிறகு தான் கேட்டதை மற்றவரின் கதையாக இன்னொரு சோடிக்குச் சொல்ல வேண்டும். படர்க்கை தானாக வருகிறது. ‘புட்டு’, ‘துலா’ என்று இடையில் தமிழ்ச் சொற்கள் விழுந்தால் விழட்டும்.

அடுத்த கிழமையே எல்லார் வாயிலும் ‘குக்ஸ்’ வந்துவிடாது. இன்று வந்து நாளை விழும், நிதானமாகப் பேசும்போது வந்து அவசரத்தில் விழும். ஆகவே ரீச்சர் காது கொடுக்க வேண்டிய நேரம் பயிற்சி நடக்கும் நேரமன்று. பயிற்சி முடிந்து, தன் தம்பி செய்யும் குழப்படியை ஒரு பிள்ளை மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் முறையிடும்போது கேட்க வேண்டும். கவனம் முழுவதும் தம்பியின் மேல் இருக்கையில் ‘ஸ்’ வருகிறதா, எத்தனை தடவைக்கு எத்தனை தடவை வருகிறது என்று ஒரு கொப்பியில் மாதத்துக்கு ஒருமுறை குறித்துவைத்தால், எந்த வினாத்தாளிலும் தெரியாத வளர்ச்சி அந்தக் கொப்பியில் தெரியும்.